மலையேற்றக் குழுக்களுக்குத் தடை எதற்கு?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு உங்கள் வாசகர் பகுதியில் ஒரு பெரியவர், மலையேற்றக் குழுக்களை மொத்தமாகத் தடை செய்ய வேண்டும் என்று எழுதியிருந்தார். பேரன் பேத்திகளை வைத்திருப்பவரின் பயம் அந்தக் கடிதம் முழுக்கத் தெரிந்தது. அந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 2018 மார்ச் 11 அன்று குரங்கணிக் காட்டுத்தீ பற்றிய செய்தி ஓடியபோது, நானும் என் மகளும் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தோம். கொழுக்குமலையிலிருந்து இறங்கியவர்களைக் காய்ந்த புல்லில் பரவிய தீ சுற்றிக்கொண்டது. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் போய்விட்டார்கள். ஈரோட்டுப் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். ஈரோடு எங்களுக்குப் பக்கத்து ஊர். "இனி இந்த வீட்டில் யாரும் மலைப்பக்கம் போகக்கூடாது" என்று அன்று ராத்திரி சொன்னது நான்தான்.

அப்படிச் சொன்ன நான் இப்போது மாதம் ஒரு முறை மலை ஏறுகிறேன். அதனால் அந்தப் பெரியவருக்கு நான் பதில் எழுதுவதுதான் முறை என்று தோன்றியது.

சேலம் அம்மாபேட்டையில் தையற்கடை வைத்திருக்கிறேன். வயது 51. இருபத்தாறு வருஷமாக மெஷின் முன்னால் குனிந்தே உட்கார்ந்து முதுகும் போய், சர்க்கரையும் எல்லையைத் தொட்டபோது டாக்டர் நடக்கச் சொன்னார். தெருவில் நடந்தேன், சலித்துப்போனது. 2022-இல் மகளின் தோழி இன்ஸ்டாகிராமில் பார்த்து ஒரு அருவிப் பயணத்துக்குப் பணம் கட்டியிருந்தாள். கூட ஆள் வேண்டும் என்று என்னையும் அழைத்துப் போனாள். அதை நடத்தியவர்கள் பெயர் இங்கே வேண்டாம். நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

ராத்திரி பஸ், விடியற்காலையில் அடிவாரம். 48 பேருக்கு இரண்டு வழிகாட்டிகள், இருவரும் இருபது வயதுப் பையன்கள். இதற்கு முன் எங்காவது ஏறியிருக்கிறாயா, மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாயா என்று யாரும் கேட்கவில்லை. கையில் ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில். பதினொரு மணி வெயிலில் அது தீர்ந்துவிட்டது. திரும்பும்போது ஒரு கல்லூரிப் பெண்ணுக்குக் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது, வாந்தியும் வந்தது. வழிகாட்டிகள் இருவரும் முன்னால் போய்விட்டார்கள். போனில் சிக்னல் இல்லை. பின்தங்கிய ஆறு பேர் ஒரு பிரிவழியில் நின்றுகொண்டு எந்தப் பக்கம் என்று தெரியாமல் விழித்தோம். ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஒரு பெரியவர்தான் தன் தூக்குவாளித் தண்ணீரைக் கொடுத்து, அடிவாரம் வரை கூடவே வந்தார். பஸ்ஸில் ஏறும்போது ஏழரை மணி. எங்களை அங்கே யாரும் எண்ணிக்கூடப் பார்க்கவில்லை.

அந்தப் பெரியவரின் கடிதம் இப்படிப்பட்டவர்களைப் பற்றியது என்றால், அதில் ஒரு வரியைக்கூட நான் மறுக்க மாட்டேன். ஆனால் அதோடு சேர்த்து அவர் ஒழிக்கச் சொல்வது வேறொன்றையும். அதைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

எட்டு மாதம் கழித்து, அரசுப் பள்ளியில் விளையாட்டு ஆசிரியராக இருக்கும் ஒருவர் பிய்ந்துபோன முதுகுப்பையைக் கடைக்குக் கொண்டுவந்தார். தோள்பட்டை வார் அறுந்திருந்தது. சதுரமாகத் தைத்து நடுவில் குறுக்குத் தையல் போட்டால்தான் பாரம் தாங்கும் என்றேன். "அக்கா, வார் ஏன் அறுந்தது தெரியுமா? இந்தப் பையில் இடுப்புப் பட்டி சரியில்லை, எல்லாப் பாரமும் தோளுக்கே வந்துவிட்டது" என்று சொல்லி, கடைக்குள்ளேயே பையை மாட்டிக் காட்டினார். பெரும்பகுதி எடை இடுப்பெலும்பில் உட்கார வேண்டுமாம். தோள் வார் பையை முதுகோடு அணைத்துப் பிடிக்கத்தானாம். கனமான பொருள் முதுகை ஒட்டி, தோள்பட்டைக்கு நடுவில் வர வேண்டும். துணியும் போர்வையும் அடியில். துணி வெட்டுகிறவளுக்கு இது உடனே புரிந்துவிட்டது. அவர் இருக்கும் குழுவில் அப்போது 22 பேர். லேத் பட்டறை முதலாளி, நர்ஸ், வெள்ளிக் கொலுசு வேலை செய்யும் அண்ணன் தம்பி, ஓய்வுபெற்ற தபால்காரர். லாபம் யாருக்கும் கிடையாது. பஸ் செலவும் சாப்பாட்டுச் செலவும் பங்கு போட்டுக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

சேலத்துக்காரர்களுக்குத் தெரியும், நம் ஊரைச் சுற்றி எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை. வடக்கே நகரமலையும் சேர்வராயன் மலையும், தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை, கிழக்கே கோதுமலை. இத்தனை வருஷம் மொட்டை மாடியில் வடகம் காயப்போடும்போது பார்த்த மலைகள். அவற்றையே ஏணிப்படி மாதிரி வைத்திருக்கிறது எங்கள் குழு. புதிதாக வருபவரை முதலில் ஊத்துமலை முருகன் கோயிலுக்குக் கூட்டிப்போவார்கள். அங்கே மூச்சு வாங்குகிறதா, முட்டி வலிக்கிறதா என்று பார்ப்பார்கள். அப்புறம் கஞ்சமலை. அதை இரண்டு முறை சிரமமில்லாமல் ஏறி இறங்கிய பிறகுதான் வனத்துறை அனுமதி வாங்கிப் போகும் பாதைகள். எனக்கு இதற்கே ஐந்து மாதம் ஆனது. யாரும் அவசரப்படுத்தவில்லை.

கஞ்சமலை எனக்குத் தனியாக ஒரு சந்தோஷம் கொடுத்தது. அமாவாசைக்குச் சித்தர்கோயில் போய் வந்த மலைதான். ஆனால் அது இரும்புத்தாது மலை என்று ஏட்டில் படித்ததோடு சரி. கடையில் சிந்திய குண்டூசி பொறுக்க ஒரு காந்தம் வைத்திருக்கிறேன். இரண்டாவது முறை போனபோது அதைப் பையில் போட்டுக்கொண்டு போய் ஒரு கருங்கல்லில் வைத்தேன். ஒட்டிக்கொண்டது. எல்லோரும் ஆளுக்கு ஒரு முறை வாங்கி வைத்துப் பார்த்தார்கள். கல்லை அங்கேயே விட்டுவிட்டுத்தான் வந்தோம். காட்டிலிருந்து எதையும் எடுத்து வரக்கூடாது என்பது குழுவின் முதல் சட்டம்.

மற்ற சட்டங்களும் உண்டு. முன்னால் போகிறவரைத் தாண்டி யாரும் போகக்கூடாது. கடைசியாக வருபவருக்குப் பின்னால் ஒருவரும் இருக்கக்கூடாது. அந்தக் கடைசி ஆள் குழுவிலேயே அனுபவம் கூடியவர். ஒவ்வொரு பிரிவழியிலும் நின்று தலை எண்ண வேண்டும். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், ஒரு ஓஆர்எஸ் பாக்கெட், ஒரு விசில், ஒரு டார்ச். வாசனைத் திரவியம் வேண்டாம், பாறையில் மலைத்தேனீ இருக்கும். பாம்பு கடித்தால் கட்டுப் போடாதே, கீறாதே, கடிபட்ட காலை அசைக்காமல் தூக்கிக்கொண்டு விஷமுறிவு மருந்து இருக்கும் ஆஸ்பத்திரிக்கு இறங்கு என்று நர்ஸ் அக்கா ஒவ்வொரு முறையும் சொல்வார். எங்களுக்கு மனப்பாடம் ஆகிவிட்டது, இருந்தாலும் சொல்வார். பிப்ரவரி பாதிக்கு மேல் புல் காய்ந்துவிட்டால் காட்டுப் பாதை கிடையாது. குரங்கணிக்குப் பிறகு இதில் எங்களுக்குள் பேச்சே இல்லை.

நேரக் கணக்கும் அங்கேதான் கற்றேன். நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1892-இல் சொன்ன கணக்காம்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் உயரம் ஏறினால் அதற்குத் தனியாக இன்னொரு மணி நேரம். 8 கிலோமீட்டர் நடை, 600 மீட்டர் ஏற்றம் என்றால் இரண்டரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் வரும். புதியவர்கள் இருந்தால் எங்கள் வாத்தியார் அதை அப்படியே இரட்டிப்பாக்கிவிடுவார். திரும்புவதற்கு என்று ஒரு நேரம் வைத்து, அந்த நேரம் வந்தால் உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும் திரும்பிவிட வேண்டும். ஒரு முறை அப்படித் திரும்பினோம். எனக்கு அழுகை வந்தது. அடிவாரத்துக்கு வந்தபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது.

போன டிசம்பரில் முதல் முறையாகத் தோளில் பை போட்டு இரண்டு நாள் நடந்தோம். கொண்டப்பநாயக்கன்பட்டியிலிருந்து குண்டூர் வழியாக ஏறி, ராத்திரி ஏற்காட்டில் தங்கி, மறுநாள் காப்பித் தோட்டங்கள் வழியாகச் சேர்வராயன் கோயில். என் எடை 58 கிலோ. பை 9 கிலோ. உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பதால் முதல் நாள் ராத்திரி தராசில் வைத்து, இரண்டாவது புடவையையும் எவர்சில்வர் டப்பாவையும் எடுத்துவிட்டேன். குழுவில் நான்கு பேருடைய பைக்கு நானே நாடாவும் ஸ்பாஞ்சும் வைத்து இடுப்புப் பட்டி தைத்துக் கொடுத்திருந்தேன். ஏற்றம் முழுக்க அந்த நான்கு பேரின் முதுகையே பார்த்துக்கொண்டு நடந்தேன். ஒரு தையலும் விடவில்லை. எங்களோடு வந்த வழிகாட்டி மலைவாழ் மக்களில் ஒருவர். புதரில் காட்டுமாடு நிற்பதை எங்களுக்கு முன்னால் அவர் காதுக்குத்தான் தெரிந்தது. கையைக் காட்டி எங்களை நிறுத்திவிட்டுக் கால்மணி நேரம் காத்திருந்தார். அது தானாக விலகிப் போனது.

2024 அக்டோபரில் தமிழக அரசு 14 மாவட்டங்களில் 40 பாதைகளை முறைப்படி திறந்து, உள்ளூர் மக்களையே பயிற்சி கொடுத்து வழிகாட்டிகளாக்கியதை நான் மனதார வரவேற்கிறேன். ஆனால் அதில் ஒரு குறை. இணையத்தில் முன்பதிவு செய்து, ஆளுக்கு ஆள் கட்டணம் கட்டித்தான் போக முடியும். தறி ஓட்டுகிறவர்களும் பட்டறை வேலைக்காரர்களும் இருக்கும் எங்கள் குழு அடிக்கடி கொடுக்கக்கூடிய பணமில்லை அது. மாதத்தில் ஒரு ஞாயிறு, ஒவ்வொரு மாவட்டத்திலும் சுலபமான ஒரு பாதையை உள்ளூர்க் குழுக்களுக்குக் குறைந்த கட்டணத்தில் வனத்துறை ஒதுக்கலாம். புதியவர்கள் அங்கே பழகுவார்கள்; வழிகாட்டிக்கும் அன்று வேலை இருக்கும். அனுமதி கைக்கெட்டுகிற விலையில் கிடைத்தால் திருட்டுத்தனமாக ஏறும் பிள்ளைகளும் குறைவார்கள். தடை போட்டால் அவர்கள் நிற்கப்போவதில்லை. சொல்லாமல் போவார்கள். எங்கே போனார்கள் என்றுகூட வீட்டுக்குத் தெரியாது.

பிள்ளைகள் கேட்டால் பெற்றவர்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. நடத்துகிறவருக்குப் போன் போட்டுப் பேசுங்கள். எத்தனை பேருக்கு எத்தனை வழிகாட்டி, வனத்துறை அனுமதிச் சீட்டு யார் பெயரில், கடைசியில் வருவது யார், முதல் தடவை வருபவரை எந்த மலைக்குக் கூட்டிப்போவீர்கள் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்குப் பதில் வரவில்லை என்றால் பணம் கட்டாதீர்கள். 2022-இல் இதை நான் கேட்டிருக்க வேண்டும்.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். கோயில் விழா, மின்தடை அறிவிப்புகளுக்கு உள்ளூர்ப் பக்கத்தில் இடம் கொடுக்கிறீர்கள். மாவட்டத்தில் எந்தக் காட்டுப் பாதை திறந்திருக்கிறது, எது தீக்காலத்துக்காக மூடியிருக்கிறது என்பதற்கும் வாரம் இரண்டு வரி ஒதுக்குங்கள். எங்களைப் போன்ற குழுக்கள் அதை வெட்டி ஒட்டி வைத்துக்கொள்வோம்.

அந்தப் பெரியவருக்கு: அடுத்த மாதம் இரண்டாவது ஞாயிறு காலை ஐந்தரைக்கு ஊத்துமலை அடிவாரத்தில் புதியவர்களோடு நிற்போம். நீங்களும் வாருங்கள் ஐயா, பேரனையும் கூட்டி வாருங்கள். பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டாலும் பரவாயில்லை, கடைசி ஆளாக அன்று நான்தான் வருகிறேன். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் மட்டும் மறக்க வேண்டாம்.

இப்படிக்கு,
தையற்கடை நடத்தும் வாசகி,
அம்மாபேட்டை, சேலம்.