இடுப்பெலும்பு வேறு, முதுகுத்தண்டு வேறு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு உங்கள் மருத்துவ இணைப்பில், பிற அணுக்களை உண்டாக்கும் மூல அணுவான ஸ்டெம் செல் பற்றி வந்த முழுப்பக்கக் கட்டுரையைப் படித்தேன். மூன்றாவது பத்தியில் ஒரு வரி: "கொடையாளியின் முதுகுத்தண்டில் துளையிட்டு இந்த அணுக்கள் எடுக்கப்படுகின்றன." காபி ஆறிப்போனது தெரியாமல் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஸ்டெம் செல்லைச் சிலர் தண்டணு என்பார்கள், சிலர் குருத்தணு என்பார்கள். தண்டு என்று கண்டதும் உங்கள் கட்டுரையாளர் முதுகுத்தண்டுக்குத் தாவிவிட்டார் போலிருக்கிறது. நான் அஞ்சல் துறையில் 34 வருஷம் வேலை பார்த்தவன். 607003 முதுநகருக்குப் போக வேண்டிய மணியார்டரை, இதுவும் கடலூர்தானே என்று 607001-ல் கொடுத்துவிட்டு வந்தால் எங்களுக்கு மெமோ வரும். பத்திரிகைத் தொழிலில் அந்த வழக்கம் கிடையாது போல.

இந்த அணுக்கள் இருக்கும் எலும்பு மஜ்ஜையை இடுப்பெலும்பின் பின்பக்கத்திலிருந்துதான் எடுப்பார்கள், அதுவும் மயக்க மருந்து கொடுத்து. தண்டுவடத்தை யாரும் தொடுவதில்லை. இப்போது பெரும்பாலும் அதுகூட வேண்டியதில்லை, கை நரம்பு வழியாக ரத்தத்திலிருந்தே பிரித்துக்கொள்கிறார்கள். தாங்கள் அறியாததல்ல. அறிந்தும் எப்படி அச்சுக்குப் போனது என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

2016-ல் என் தங்கைக்கு ரத்தப் புற்றுநோய். வேலூரில் காட்டினோம். வேறொருவரின் குருத்தணுவை ஏற்ற வேண்டும், கூடப்பிறந்தவர்களில் ஒருவருக்கு முழுசாகப் பொருந்த நாலில் ஒரு பங்குதான் வாய்ப்பு என்றார்கள். அண்ணனுக்குப் பொருந்தியது. அன்று சாயங்காலம் அண்ணி ஒரு பேப்பர் துண்டைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் வைத்தார். உங்கள் பத்திரிகைதான். அதிலும் இதே முதுகுத்தண்டு, இதே துளை. "இடுப்பு விழுந்துட்டா இவரை யாரு தூக்கி உக்கார வெப்பாங்க?" என்று கேட்டார். அண்ணியை நான் குறை சொல்ல மாட்டேன். அச்சில் வந்தால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பி வளர்ந்தவர்கள் நாங்கள். தங்கையின் நல்ல நேரம், எனக்கும் பொருந்தியது.

மஜ்ஜையில் இருக்கும் குருத்தணுவை ரத்தத்துக்கு வரவைக்க ஐந்து நாள் தோலுக்கடியில் ஊசி போட்டார்கள். சிக்குன்குனியா வந்த மாதிரி எலும்பெல்லாம் குடைச்சல். அப்புறம் ஒரு கட்டிலில் நாலு மணி நேரத்துக்கு மேல் படுத்திருந்தேன். இடது கையிலிருந்து ரத்தம் போகிறது, இயந்திரம் அதைச் சுழற்றி வேண்டியதை மட்டும் பிரித்துக்கொண்டு மீதியை வலது கையில் விட்டுவிடுகிறது. நடுவில் உதட்டில் எறும்பு ஊர்கிற மாதிரி ஆனது. "கால்சியம் குறையுதுங்கய்யா" என்று நர்ஸம்மா மாத்திரை கொடுத்தார். மேலே தொங்கிய பையில் சேர்ந்தது ஒரு சொம்புகூட இருக்காது. மழைக்காலத்துக் கெடிலம் ஆற்றின் நிறம். அதைத் தங்கைக்கு ரத்தம் ஏற்றுகிற மாதிரிதான் ஏற்றினார்கள். யாரும் என்னைக் குப்புறப் படுக்கக்கூடச் சொல்லவில்லை. ஓ பாசிட்டிவாக இருந்தவள் இன்று என்னைப் போல பி பாசிட்டிவ். "உன் கோபமும் சேர்ந்து வந்துடுச்சுண்ணா" என்கிறாள்.

வீடு திரும்பியதும் இதையெல்லாம் இரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன். நீங்கள் மூன்று வரி போட்டீர்கள். அந்த மூன்று வரியிலும் குருத்தணு 'குருத்தெலும்பு' ஆகியிருந்தது. தங்கைக்கு மூட்டைக் கழற்றிக் கொடுத்தவனா என்று ரேஷன் கடை வரிசையில் கேட்டார்கள். அதற்கும் முன்னால், 2011 தானே புயலுக்குப் பிறகு எங்கள் தெருவில் பத்து நாளுக்கு மேல் கரண்ட் இல்லை என்று எழுதினேன். 'புதுச்சேரி வாசகர்' என்று போட்டீர்கள். மின்வாரியத்தில் கொண்டுபோய்க் காட்டினால், உங்கள் ஊர் அதிகாரியைப் பாருங்கள் என்று சிரிக்கிறார்கள்.

சரி, அதை விடுங்கள். கட்டுரைக்குக் கீழே அரைப்பக்க விளம்பரம். உங்கள் கொழுப்பிலிருந்தே குருத்தணு எடுத்துப் பக்கவாதம், சர்க்கரை, ஆட்டிசம் எல்லாவற்றையும் சரி செய்வார்களாம். கட்டுரைக்கும் விளம்பரத்துக்கும் நடுவே ஒரு கோடு போட்டிருக்கிறீர்கள். அந்தப் பக்கத்தில் நேராக இருந்தது அது ஒன்றுதான். எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் பக்கவாதத்தில் படுத்தபோது இப்படி ஒரு விளம்பரத்தை நம்பித்தான் மூன்று ஊசிக்கு நாலரை லட்சம் கட்டினார்கள். நெல்லிக்குப்பம் பக்கம் இருந்த மனை போனது. வலது கை இன்னும் மடியிலேயே கிடக்கிறது, ஈ உட்கார்ந்தால் இடது கைதான் ஓட்டுகிறது. பக்கவாதத்தையும் சர்க்கரையையும் குணமாக்குவதாக விளம்பரம் செய்யக் கூடாது என்று 1954-லேயே சட்டம் வந்துவிட்டது. ரத்தம் சம்பந்தமான நோய்களுக்குச் செய்யும் குருத்தணு மாற்று சிகிச்சை தவிர மற்றதை ஆய்வுக்குள்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-ல் நெறிமுறை போட்டது. உங்கள் விளம்பரப் பிரிவுக்கு யாராவது ஒரு நகல் கொடுக்கலாம்.

அதிசயம், அதிசயம் என்று பத்து இடத்தில் எழுதியவர், நிஜமாக நடப்பதை எழுதவில்லை. மஜ்ஜையில் இருக்கும் குருத்தணு ரத்தத்தைத்தான் உண்டாக்கும், கருவிழி விளிம்பில் இருப்பது கருவிழியின் மேல்தோலைத்தான். அதற்கு மேல் அதனிடம் கேட்கக் கூடாது. கண்ணில் சுண்ணாம்பு பட்டு வெந்துபோன குழந்தைகளுக்கு, நல்ல கண்ணின் விளிம்பிலிருந்து துளியூண்டு திசு எடுத்து வளர்த்து ஒட்டுகிறார்கள். ஐதராபாத் எல்.வி.பிரசாத் கண் மருத்துவமனையில் 2001 முதல் நடக்கிறது. அதே கண்ணில் வயிற்றுக் கொழுப்பின் அணுவைச் செலுத்திக்கொண்ட மூன்று பெண்கள் அமெரிக்காவில் பார்வை இழந்தார்கள். வேலூர் சி.எம்.சி.யில் 1986-லிருந்து மஜ்ஜை மாற்று செய்கிறார்கள், நம் பக்கத்தில் ஜிப்மரிலும் செய்கிறார்கள். இதில் ஒன்றுக்குக்கூட உங்கள் முழுப்பக்கத்தில் இடமில்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. வரும் ஞாயிறு, அதே பக்கத்தில், அதே எழுத்தளவில், 'முதுகுத்தண்டு அல்ல, இடுப்பெலும்பு. அல்லது கை வழியாக ரத்தம்' என்று ஒரு வரி போடுங்கள். எட்டாம் பக்கத்தில் வரிவிளம்பரத்துக்கு அடியில் வேண்டாம்.

சென்ற வாரப் பக்கத்தின் நகலை இணைத்திருக்கிறேன். 2016-ன் துண்டு வேண்டுமென்றால் அண்ணியிடம்தான் கேட்க வேண்டும், இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறார். என் பெயரைப் போட வேண்டாம். அவர்கள் வீட்டிலும் உங்கள் பத்திரிகைதான் வருகிறது.

இப்படிக்கு,
ஒரு பழைய சந்தாதாரர்,
மஞ்சக்குப்பம், கடலூர் (புதுச்சேரி அல்ல).