நேர்கோடாக ஒழுகிய சிலாப்

உவர்மலை,
திருகோணமலை.

அன்பு மகன்,

நேற்று போனில் உன் குரலே சரியில்லை. "சைட்டில் ஒருவருக்கும் அக்கறை இல்லை அப்பா, வேலை இரண்டு மாதம் பிந்திவிட்டது, ஆட்களை மாற்றப் போகிறேன்" என்றாய். எனக்கு நித்திரை வரவில்லை. அதுதான் எழுதுகிறேன்.

சுனாமிக்கு அடுத்த வருடம், 2005இல், நிலாவெளிப் பக்கம் ஒரு வீட்டுக்கு சிலாப், கொங்கிரீட் கூரை, போட்டோம். காலை ஏழு மணிக்கே கலவை மெஷின் ஓடத் தொடங்கியது. இருபது பேர். கலவைத் தாச்சி கைக்குக் கை மாறி மேலே போனது. சிலாப்பை ஒரே மூச்சில் முடிக்க வேண்டும், உனக்குத் தெரியாததில்லை. ஆனால் கொந்தராத்துக்காரர் இரண்டு கிழமைக் கூலியைப் பிடித்து வைத்திருந்தார். மத்தியானம் சாப்பிட இறங்கியவர்களில் பாதிப் பேர் திரும்பி வரவில்லை. மிச்ச ஆட்களை வைத்து மூன்று மணிக்குத்தான் மறுபடி தொடங்கினோம். அதற்குள் முதல் பாதி இறுகிவிட்டது. சீமெந்துப் பால் ஊற்றி இணைத்தால் போதும் என்று நினைத்தேன்.

மார்கழி மழையில் அந்த இணைப்பில்தான் ஒழுகியது. நூல் பிடித்துக் கீறினதுபோல் நேர்கோடு. கடலுக்கு வீட்டைக் கொடுத்த அந்த அம்மா ஒன்றும் பேசாமல் வாளியைக் கீழே வைத்தார்.

போனவர்களை நான் இன்றைக்கும் குறை சொல்ல மாட்டேன். தலைமை மேசன் நான். முதல் கிழமையே கூலியைக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

நம்முடைய தொழிலில் ஒருவன் விட்ட பிழையை அடுத்தவன்தான் சுமக்கிறான். கொங்கிரீட் ஊற்றப் பலகை அடித்தவன் கோணலாக விட்டால் பூசுகிறவன் தடிப்பாகப் பூசி நிரப்புவான், சீமெந்தும் நாளும் வீணாகும். கிண்ணியாப் பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் கம்பி கட்டினவர்களைத்தான் நினைப்பேன். முன்பு நாங்கள் பாதைப் படகுக்குக் காத்துக்கிடந்து கடந்த இடம். 2009இல் 396 மீற்றருக்குப் பாலம் திறந்தார்கள். கீழே உப்புத் தண்ணீர். கம்பிக்கு வெளியே கொங்கிரீட் தடிப்புக் குறைந்தால் உப்பு உள்ளே இறங்கும், கம்பி துருப்பிடித்துப் பருக்கும், கொங்கிரீட் வெடித்துக் கொட்டும். அதற்குப் பல வருடம் எடுக்கும். கம்பி கட்டியவன் அப்போது அங்கே இருக்க மாட்டான். அவன் அன்றைக்கு மனம் வைத்துக் கட்டினால்தான் உண்டு.

ஆட்களை மாற்றாதே, மகன். புது ஆட்கள் கை பழகவே கிழமைகள் போகும். உன் கம்பி கட்டும் பொடியன்கள் கடைசியாக எப்போது சம்பளம் எடுத்தார்கள்? நாளைக்கே அவர்களோடு இருந்து சாப்பிட்டு, கேள். கேட்டுவிட்டு, எவ்வளவு நேரம் ஆனாலும் சரி, போன் எடு.

அம்மா சுகம்.

அன்புடன்,
அப்பா