எரிபொருள் விலையும் நம் பந்தயச் செலவும்

உறுப்பினர்களுக்கு வணக்கம். பெட்ரோல், டீசல் விலை ஏறிவரும் நிலையில், இந்த பைக் பந்தயப் பருவத்துக்கான செலவுத் திட்டத்தை அனைவரும் ஒருமுறை திருத்திப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

பந்தய பைக்கின் டேங்கில் ஊற்றும் பெட்ரோலையே பலரும் முதலில் கணக்கிடுகிறார்கள். ஆனால் பைக்கையும் கருவிகளையும் ஏற்றிக்கொண்டு பந்தயக் களத்துக்குச் சென்று திரும்பும் வேன் குடிக்கும் எரிபொருளோடு ஒப்பிட்டால், அது பெரும்பாலும் சிறிய தொகையே. களம் தொலைவில் இருப்பவர்கள் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து ஒரே வண்டியில் பைக்குகளை ஏற்றிச் செல்வதுதான், எங்கள் கணிப்பில், மிகப் பெரிய சேமிப்பு. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்வதால், நெடுஞ்சாலையில் மணிக்கு 100 கிலோமீட்டருக்குப் பதிலாக 80 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் அந்த எதிர்ப்பு 36 சதவீதம் குறையும். (வேகத்தைக் களத்துக்கென்று சேமித்து வைக்கலாம்!)

டயரின் செயற்கை ரப்பரும் கார்பன் கரியும் பெட்ரோலியத்திலிருந்தே பெறப்படுவதால், சற்றுத் தாமதமாகவேனும் டயர் விலையும் உயரக்கூடும். பந்தயத்துக்கு முன் டயரைச் சூடாக்கும் டயர் சூடேற்றிகளை இயக்கும் ஜெனரேட்டரின் எரிபொருளையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சிக்கனம் கருதி எரிபொருள் கலவையை மெலிதாக்க (காற்றோடு கலக்கும் பெட்ரோலின் அளவைக் குறைக்க) வேண்டாம். எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகி பிஸ்டன் சேதமடைந்தால், பருவம் முழுவதும் சேமித்தது ஒரே நாளில் போய்விடும். எஞ்சினுக்குத் தேவையானதைவிட உயர்ந்த ஆக்டேன் (எஞ்சின் தட்டலைத் தாங்கும் திறனைக் காட்டும் எண்) கொண்ட பெட்ரோலும் வீண் செலவே.

வண்டியைப் பகிர்ந்துகொள்ள விரும்புவோர் புறப்படும் நாளையும், ஏற்ற வேண்டிய பைக்குகளின் எண்ணிக்கையையும் இக்குழுவில் பதிவிடவும்.