புள்ளியை விட்டுவிடாதீர்கள்: மாதிரி ரயில்களுக்கு டீகால் அச்சிடுவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். நம் நாட்டு ரயில்களின் மாதிரிகளுக்கு டீகால் தாள், அதாவது நீரில் நனைத்து ஒட்டும் அச்சுப்படலம், வடிவமைத்து அச்சிட்டுத் தரும் உங்களில் ஒருவரிடம் சென்ற ஐப்பசியில் நான் வாங்கிய, தமிழ்ப் புள்ளிகள் விடுபட்டுப் போன ஒரு தாளைப் பற்றியே இந்த மடல். அவர் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. இவ்வளவு சிறிய அளவில் புள்ளி நிற்காது என்றார் அவர்; அவருக்கு முன்பு வேறு இருவரைக் கேட்டபோதும் ஏறக்குறைய அதே பதில்தான் வந்தது என்பதால், இது ஒருவர் மீதான புகாராக முடிந்துவிடக் கூடாது என்று நினைக்கிறேன்.

ஐப்பசி மழையில் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே மண் சரிந்து நீலகிரி மலை ரயில் நின்றுபோன நாட்களில், பத்து வயதான என் மகன் வீட்டுக்குள் அந்த ரயிலை லெகோ கட்டைகளால் கட்டத் தொடங்கினான். குமிழுக்கு 8 மில்லிமீட்டர் வீதம் எட்டுக் குமிழ் அகலத்தில் மூன்று பெட்டிகள். கீழே நீலம், மேலே பாலாடை நிறம். தண்டவாளத்தின் நடுவே பல் பட்டைகளை இரண்டு வரிசையாக, ஒன்றின் பல்லும் மற்றதன் பல்லும் நேருக்கு நேர் வராதபடி தள்ளி வைத்தான். எஞ்சினின் பற்சக்கரம் பல் பட்டையைக் கவ்வி ஏறும் ஆப்ட் முறை அப்படித்தான் இருக்கும் என்பதைத் தாத்தாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தான். எஞ்சினை முன்னால் வைக்காமல் பெட்டிகளுக்குப் பின்னால் வைத்து, 12 அடிக்கு ஓர் அடி ஏறும் சரிவில் அது தள்ளிக்கொண்டு போவதைப்போல நிறுத்தினான். என் தந்தை இந்த ரயிலில் பல ஆண்டுகள் பிரேக்ஸ்மேனாக இருந்தவர். மேலேறும்போது முன்பெட்டியின் மேடையில் கொடியோடு நின்று பாதை பார்ப்பவர் பிரேக்ஸ்மேன்தான் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அந்த இடத்தில் ஒரு பொம்மை மனிதனையும் நிறுத்திவிட்டு, இனி ஊர்ப்பெயர்ப் பலகை மட்டும்தான் பாக்கி என்றான்.

லெகோ ரயிலுக்கென்று வகுத்த அளவுவிகிதம் எதுவும் இல்லை. எனினும் எட்டுக் குமிழ் அகலப் பெட்டிக்கு 1:87 (அசலில் 87இல் ஒரு பங்கு) எழுத்து பொடியாகிவிடும், 1:48 எழுத்துதான் கண்ணுக்குப் பொருந்தும் என்பதைக் கட்டிப் பழகியவர்கள் அறிவார்கள். அந்த அளவில் ஆயத்தமாகக் கிடைக்கும் தாள்களில் அமெரிக்க ரயில்களின் பெயர்கள்தான் நிறைந்திருக்கின்றன. ஸ்டிக்கராக ஒட்டினால் ஓரம் தடித்துத் தெரியும், நாளடைவில் முனை கிளம்பும். நீரில் நனைத்து நழுவவிடும் டீகாலோ லெகோவின் வழவழப்பான பரப்பில் அச்சிட்டதுபோலவே படிந்துவிடும். ஆகவே உங்களிடம் வந்தோம். 8 மில்லிமீட்டர் உயரமும் 64 மில்லிமீட்டர் நீளமும் உள்ள, குமிழில்லாத தட்டையான ஓட்டுக்கட்டையில் ஒட்டுவதற்காக, 'மேட்டுப்பாளையம் – குன்னூர் – உதகமண்டலம்' என்று தமிழிலும், அதன் கீழே மலை ரயிலின் பெயர் ஆங்கிலத்திலும் வரும்படி ஆறு மஞ்சள் பட்டைகள் கேட்டோம். மூன்று பெட்டிகள், பெட்டிக்கு இரண்டு பக்கம், அவ்வளவுதான் கணக்கு.

தாள் வந்தது. வண்ணம் கூர்மையாக இருந்தது, ஆங்கில எழுத்து மயிரிழை பிசகாமல் இருந்தது. தமிழில் ஒரு புள்ளிகூட இல்லை. 'குனனூர' என்று இருந்தது. 'உதகமணடலம' என்று இருந்தது. மேட்டுப்பாளையத்தில் புள்ளிகள் போனதோடு, மகரத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய இரட்டைக்கொம்பு அதன் பின்னால் போய் நின்றது. ளகரத்தின் இணைக்கொம்பும் அப்படியே இடம் மாறியிருந்தது. மூன்று ஊர்ப்பெயர்களிலும் சேர்த்து ஏழு புள்ளிகள் வரவேண்டும். ஆறு பட்டைகளுக்கு 42 புள்ளிகள். நாற்பத்திரண்டும் இல்லை.

மஞ்சள் பட்டைக்கு அடியில் வெள்ளை அச்சும் கேட்டிருந்தேன்; அதையும் விட்டிருந்தார்கள். நீல ஓட்டில் ஒட்டியவுடன் மஞ்சள் பச்சையாகிப் போனது. அதை நாங்களே சரிசெய்துகொண்டோம். நீல ஓட்டைக் கழற்றிவிட்டு வெள்ளை ஓட்டைப் பொருத்தி, இரண்டாவது பட்டையை அதன் மேல் ஒட்டினோம். கட்டை விளையாட்டில் அது எளிது. புள்ளியை அப்படி மாற்றிப் பொருத்த முடியவில்லை.

என் மகன் முயன்று பார்த்தான் என்பதை நீங்கள் அறிய வேண்டும். குன்னூர்க் குளிரில் குழாய்த் தண்ணீரில் பசை இளகாது என்பதால் வெதுவெதுப்பான நீரில் பட்டையை நனைத்து, ஓட்டின் மேல் நழுவவிட்டு, அடியில் காற்று நின்று வெளுத்துத் தெரியாதபடி மென்தூரிகையால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவிவிட்டான். ஈரக்காற்றில் அது காயாது என்று இரவு முழுவதும் மேசை விளக்கடியில் வைத்தான். மறுநாள் 0.1 மில்லிமீட்டர் முனையுள்ள வரைபேனாவை எடுத்து, மூச்சை அடக்கிக்கொண்டு, முதல் டகரத்தின் மேல் ஒரு புள்ளி வைத்தான். நின்றது. பகரத்தின் மேல் வைத்ததும் நின்றது. குன்னூரின் முதல் னகரத்தில் வைத்தபோது மசி படலத்தின் மேல் பிடிக்காமல் பரவி, அந்த எழுத்தின் சுழியை அடைத்துவிட்டது. துடைத்தபோது எழுத்தும் சேர்ந்து கலைந்தது. மூன்று பட்டைகள் இவ்வாறு வீணாயின. நான்காவதைப் புள்ளி இல்லாமலேயே ஒட்டிவிட்டு, தாத்தாவுக்குத் தெரியாது அம்மா என்றான்.

என் தந்தைக்குத் தமிழ் மட்டுமே படிக்கத் தெரியும். பார்வையும் மங்கிவிட்டது. உருப்பெருக்கிக் கண்ணாடியைப் பெட்டியருகே பிடித்து, எழுத்து எழுத்தாக, கு, ன, ன என்று வாசித்துக்கொண்டே போய் நிறுத்தினார். "கண்ணு, இது எந்த ஊருப் பொட்டி?" என்று கேட்டார். தம் வேலைக்காலம் முழுவதும் அவர் ஏறி இறங்கிய ஊர் அது. பையன் பதில் சொல்லாமல் ஒட்டும் நாடாவை எடுத்துவந்து, அந்தப் பட்டையை ஓட்டிலிருந்து உரித்தெடுத்துவிட்டான்.

இதை எழுதி அனுப்பியபோது எனக்குக் கிடைத்த பதில் இது: இவ்வளவு சிறிய அளவில் புள்ளிகள் அச்சில் நிற்காது, கறை போலத் தோன்றும், ஆகவே நீக்கிவிட்டோம், பார்ப்பவர் யாரும் கவனிக்க மாட்டார்கள். பணிவாக ஒன்றைச் சுட்டிக்காட்டுகிறேன். அதே பட்டையில், தமிழ் வரிக்குக் கீழே, தமிழைவிடச் சிறிய அளவில் ஆங்கிலத்தில் நீலகிரி என்ற சொல் சிற்றெழுத்தில் இருக்கிறது. அதில் 'ஐ' என்னும் எழுத்து மூன்று முறை வருகிறது. மூன்றின் தலையிலும் புள்ளி இருக்கிறது. ஆறு பட்டைகளிலும் இருக்கிறது. லென்ஸ் வைத்துப் பார்த்தேன், ஒன்றுகூடக் கறையாகவில்லை. அந்தப் புள்ளியைத் தாங்கும் அச்சு, குன்னூரின் புள்ளியையும் தாங்கும். ஆங்கிலப் புள்ளி இல்லாவிட்டாலும் அந்தச் சொல்லை யாரும் தடையின்றி வாசித்துவிடுவார்கள். தமிழில் புள்ளி போனால் மெய்யெழுத்து உயிர்மெய்யாகிவிடுகிறது. ஊரின் பெயரே வேறாகிவிடுகிறது.

அந்தக் காலத்தில் ஓலைச்சுவடியில் புள்ளி இடாமல்தானே எழுதினார்கள் என்று நண்பர் ஒருவர் சமாதானம் சொன்னார். உண்மைதான். எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழிந்துவிடும் என்று விட்டார்கள். அதனால் ஒரு சொல் மெய்யா உயிர்மெய்யா என்று தீர்மானிக்க, உ. வே. சாமிநாதையர் போன்ற பதிப்பாசிரியர்கள் ஏட்டுக்கு ஏடு ஒப்புநோக்கிப் பாடுபட வேண்டியிருந்தது. உங்கள் படலம் புள்ளியால் கிழிவதில்லை.

ஆகவே என் வேண்டுகோள் ஒன்றுதான். தமிழைப் புள்ளியோடு, கொம்பு அதனதன் இடத்தில் நிற்க அச்சிடுங்கள். இது முடியாத காரியமல்ல என்பதையும் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். கணினிகளில் எழுத்துகளைச் சேமிக்கும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் தமிழ் 1991ஆம் ஆண்டு முதல் இருக்கிறது. அதில் இரட்டைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் சேமிக்கப்பட்டாலும், காட்டும்போது முன்னால் கொண்டுவந்து நிறுத்துவது மென்பொருளின் வேலை. உங்கள் வடிவமைப்பு மென்பொருளில் அதற்கான அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால்தான் கொம்பு இடம் மாறுகிறது. சரியாகத் தெரியும் இடத்தில் தட்டச்சு செய்து, தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிட்டு, அதன் பிறகு எழுத்துகளை வெறும் கோட்டுருவங்களாக மாற்றிக்கொண்டால், அவை வேறு எந்தக் கணினியிலும் கலையா. புள்ளி சிறிதாகிவிடும் என்ற அச்சம் நியாயமானது. அதற்குப் புள்ளியை நீக்குவது வழியல்ல. இரண்டரை மில்லிமீட்டர் எழுத்துக்கு விகிதப்படி வரும் புள்ளியைவிடச் சற்றுப் பெரிதாக இடுங்கள், எழுத்துக்கும் புள்ளிக்கும் இடையே ஒரு மயிரிழை கூடுதலாக விடுங்கள். அப்படியும் போதவில்லை என்றால் ஆங்கில வரியைக் கொஞ்சம் சுருக்கித் தமிழ் வரியை அரை மில்லிமீட்டர் உயர்த்துங்கள். இங்கே எந்த ரயில் நிலைய மஞ்சள் பலகையைப் பார்த்தாலும் தமிழ்தான் முதல் வரியில் இருக்கிறது.

இதை எழுதும்போது கோபம் மேலிடுகிறது என்பதை மறைக்கவில்லை. கடைவீதியில் ஃபிளெக்ஸ் பலகையில் கொம்பு பிரிந்து நிற்கிறது, திருமண அழைப்பிதழில் மணமகளின் பெயரில் வட்டம் விழுகிறது, மருந்துச் சீட்டின் அறிவுரையில் பாதி எழுத்து கட்டங்களாக வருகிறது. கேட்டால், ஃபாண்ட் பிரச்சினை என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். அங்கெல்லாம் அவசரம், மலிவு விலை என்று ஏதோ ஒரு காரணமாவது சொல்லலாம். உங்கள் தொழில் அப்படிப்பட்டதல்ல. எஞ்சின் எண்ணில் ஒரு கோடு தடித்துவிட்டால் தாளையே திரும்ப அச்சிடுகிறவர்கள் நீங்கள். சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் செய்த, இந்த மலை ரயிலின் எக்ஸ் வகுப்பு எஞ்சினின் தயாரிப்பாளர் தகட்டை, அரை விரல்நகம் அளவில், ஓர் எழுத்து பிசகாமல் தருகிறவர்கள். அந்த நுணுக்கத்தின் மேல் மதிப்பு வைத்துத்தான் உங்களிடம் வந்தோம். அதே கண்ணை எங்கள் ஊர்ப்பெயரின் மேலும் வையுங்கள் என்று கேட்கிறேன்.

பொறுத்தருளி, மூன்று உதவிகள் செய்ய வேண்டுகிறேன். அச்சுக்கு அனுப்புமுன் தமிழ் வரியின் மாதிரியை வாடிக்கையாளருக்குப் பெரிதாக்கிக் காட்டுங்கள். பிழை இருந்தால் நாங்களே திருத்தித் தருகிறோம், அதற்குக் கட்டணம் கேட்டாலும் தருகிறோம். அடர்நிறக் கட்டையில் ஒட்டும் தாள்களுக்கு அடியில் வெள்ளை அச்சு இடுங்கள். மேட்டுப்பாளையம் முதல் உதகமண்டலம் வரையுள்ள நிலையங்களின் பெயர்களை 1:48 அளவில் ஒரே தாளாக, புள்ளியோடு, ஒருமுறை சரியாக வடிவமைத்து வையுங்கள். ஹில்குரோவ், ரன்னிமேடு, அருவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று ஒவ்வொரு பெயரையும் கட்டிப் பார்க்க ஆசைப்படும் பிள்ளைகள் இந்த மலையில் இருக்கிறார்கள். ஊர்ப்பெயர்களை இங்கிருந்து சரிபார்த்துத் தர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

மூன்று பெட்டிகளும் எங்கள் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் நிற்கின்றன. பக்கவாட்டில் ஆறு வெள்ளை ஓடுகளையும் எழுத்தில்லாமல் விட்டு வைத்திருக்கிறோம். பொங்கலுக்குள் தாள் வந்துவிடுமா என்று என் தந்தை கேட்கிறார். தயவுசெய்து, புள்ளியோடு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
மலை ரயில் பிரேக்ஸ்மேன் ஒருவரின் மகள்,
குன்னூர்.