ஷூ போட்டுக் கிரிவலம் வந்தவனின் நன்றி

போன பௌர்ணமிக்குத் திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டரும் நடந்து முடித்தேன். 11 வருடமாக இன்சுலின் போடுகிறவன் நான். இரண்டு வருடம் முன்பு காலை நடையில் சர்க்கரை இறங்கி, கை நடுங்க, சட்டை நனைய, பூங்கா பெஞ்சில் சாய்ந்தேன். அதற்கப்புறம் தெருமுனைக் கடைக்குக்கூட வண்டிதான். அந்தப் பயத்தைப் போக்கியவர்களுக்கு இந்த மடல்.

முதலில் கிளினிக் சிஸ்டருக்கு. "நடந்ததால வரல சார், தொடையில ஊசி போட்ட கையோட நடந்ததால வந்தது" என்றீர்கள். நடக்கிற காலில் போட்ட மருந்து வேகமாக ஏறும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. அன்றிலிருந்து ஊசி வயிற்றில். கிளம்பும் முன் மீட்டரில் 100க்குக் கீழே காட்டினால் ஒரு வாழைப்பழம். கிரிவலத்தன்று சாயங்கால ஊசியின் அளவைக் கணக்குப் போட்டுக் குறைத்துக் கொடுத்த டாக்டருக்கும் நன்றி. (அது என் உடம்புக்கான கணக்கு, யாரும் தாமாகச் செய்துவிடாதீர்கள்.)

அப்புறம், கூடவே நடக்கும் நண்பனுக்கு. அடி அண்ணாமலை பக்கம் வரும்போது ஒன்றுமில்லாத விஷயத்துக்கு உன் மேல் எரிந்து விழுந்தேன். நீ பதிலுக்குச் சண்டை போடாமல், "முதல்ல விரலைக் குடு" என்றாய். மீட்டரில் 64. சர்க்கரை இறங்கியிருந்தது, என் எரிச்சலும் அதனால்தான். மூன்று ஸ்பூன் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைத்தாய். டீக்கடைப் பெரியவர் பெஞ்சைத் துடைத்துவிட்டு, பாவம், பாலும் பன்னும் நீட்டினார். சர்க்கரை சட்டென்று ஏற வேண்டிய நேரத்தில் பால் தாமதமாக்கும் என்றதும் புரிந்துகொண்டார். 15 நிமிடம் கழித்து 98. பிறகுதான் அந்தப் பன்னைச் சாப்பிட்டேன். காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

பெயர் தெரியாத ஒரு பாட்டிக்கும் நன்றி சொல்ல வேண்டும். எனக்குப் பாதம் மரத்துப்போய்விட்டது, முள் குத்தினாலும் தெரியாது. அதனால் ஷூவோடு நடந்து, லிங்கங்களை வெளியே நின்றே கும்பிட்டேன். "சாமி மலையைச் சுத்தறப்ப ஷூவா?" என்று ஒருவர் கேட்டார். "அவர் காலுக்கு என்னவோ, நீ உன் பாதையைப் பாத்து நட" என்று நீங்கள் போட்ட போட்டில் அவர் வாயே திறக்கவில்லை.

கடைசியாக என் மனைவிக்கு. நீண்ட நடைக்குப் பிறகு சர்க்கரை தூக்கத்திலும் இறங்கலாமே! அலாரம் வைத்து, அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து, கொட்டாவியோடு என் விரலைக் குத்தினாள். 121.

"சரி, தூங்குங்க" என்றாள்.