டாங்கியின் பின்னால் ஒரு டெலிபோன்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிறு இணைப்பில் இரண்டாம் உலகப் போர் டாங்கிகளைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். கவசம் எத்தனை மில்லிமீட்டர், பீரங்கி எவ்வளவு தூரம் சுடும், எல்லாம் சரி. ஆனால் உள்ளே இருக்கிறவர்களும் வெளியே கூடவே நடந்து வருகிற காலாட்படைக்காரர்களும் எப்படிப் பேசிக்கொண்டார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. அதான் வயர்லெஸ் இருந்ததே என்று விட்டுவிட்டார்கள்போல. இருந்தது, வில்லங்கமே அதில்தான்.

1944 கோடையில் பிரான்சின் நார்மண்டிப் பகுதியில் ஜெர்மன் படையோடு மோதிய அமெரிக்கர்கள் பட்ட பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களுடைய ஷெர்மன் டாங்கியில் இருந்த வயர்லெஸ் செட் 20 முதல் 28 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை வரை வேலை செய்யும். காலாட்படை முதுகில் சுமந்த செட்டுக்கு 40 முதல் 48. கையில் பிடித்துப் பேசும் சின்ன செட்டோ 3.5 முதல் 6 வரை, அதுவும் மற்ற இரண்டையும்போல எஃப்எம் முறை இல்லை, ஏஎம் முறை. மூன்றும் ஒரே ராணுவம் வாங்கிய சாமான்தான், ஆனால் ஒன்று பேசுவது இன்னொன்றுக்குக் கேட்காது. அவரவர் பிரிவுக்கு அவரவர் செட் என்று வாங்கினால் வேறென்ன ஆகும்?

அந்தப் பக்கத்து வயல்களைச் சுற்றி உயரமான மண்வரப்பு, அதன்மேல் அடர்ந்த மரமும் புதரும். எதிர் வரப்பில் ஜெர்மன்காரனின் மெஷின்கன் எங்கே இருக்கிறது என்று தரையில் படுத்திருக்கிறவனுக்குத் தெரியும், மூடியை இறக்கிக்கொண்டு பெரிஸ்கோப்பில் பார்க்கிற டாங்கிக்காரனுக்குத் தெரியாது. அவனிடம் சொல்ல வேண்டுமென்றால் டாங்கிமேல் ஏறித் துப்பாக்கிக் கட்டையால் மூடியைத் தட்ட வேண்டும், இன்ஜின் இரைச்சலில் உள்ளே கேட்டால் உண்டு, அதற்குள் ஏறினவன் சுடப்படாமல் இருந்தாலும் உண்டு. ஒளிரும் தோட்டாவைச் சுட்டு இலக்கைக் காட்டலாம், வண்ணப் புகை போடலாம். எதிரிக்கும் கண் இருக்கிறதே.

கடைசியில் கைகொடுத்தது சாதாரண ஃபீல்டு டெலிபோன். காலித் தோட்டாப் பெட்டி ஒன்றை டாங்கியின் பின்பக்கத்தில் பொருத்தி, அதற்குள் போனை வைத்து, வயரை உள்ளே இழுத்து, டாங்கிக்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் இன்டர்காமில் இணைத்துவிட்டார்கள். பின்னால் நிற்கிறவன் ரிசீவரை எடுத்து “இடது மூலை, பெரிய மரத்துக்குக் கீழே” என்றால் உள்ளே கமாண்டர் காதில் விழும். அலைவரிசைத் தொல்லையும் இல்லை. தொலைபேசித் துறையில் லைன் வேலை பார்த்தவன் என்பதால் எனக்கு இதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு. ஆனால் ஆபத்து இல்லாமல் இல்லை: பேசுகிறவன் நிமிர்ந்து நிற்க வேண்டும், பக்கவாட்டிலிருந்து குண்டு வரும், டிரைவர் திடீரென்று ரிவர்ஸ் எடுத்தால் அப்புறம் சொல்ல ஒன்றுமில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், அதே கோடையில், ஜூலை மாதம், ஜெர்மன் அணியை உடைத்து வெளியேற நடத்திய கோப்ரா என்ற தாக்குதலுக்காக அமெரிக்க விமானப்படைத் தளபதி க்வெசாடா, முன்னணி டாங்கிகளில் விமான வயர்லெஸ் செட்டையே வைக்கச் செய்தார். மேலே பறந்த பி-47 விமானிகளோடு டாங்கியிலிருந்து நேராகப் பேச முடிந்தது. வானத்தில் இருக்கிறவனுக்கு வயர்லெஸ், வண்டிக்குப் பின்னால் நிற்கிறவனுக்குத் தோட்டாப் பெட்டி!

போருக்குப் பிறகு இந்தப் பெட்டி முறையான உறுப்பாகவே ஆனது. 1965 போரில் நம் ராணுவம் ஓட்டிய சென்சூரியன் டாங்கியிலும் அது உண்டு, அமெரிக்கர்களின் எம்-48 பாட்டனிலும் உண்டு. அப்படியிருக்க, 1980இல் வந்த அமெரிக்க ஏப்ரம்ஸ் டாங்கியில் அதை விட்டுவிட்டார்கள். திறந்த வெளியில் டாங்கியோடு டாங்கி மோதத்தான் அது செய்யப்பட்டது என்று காரணம் சொல்லலாம், எனக்கென்னவோ அது ஒப்பவில்லை. ஈராக்கில் 2003க்குப் பிறகு தெருச்சண்டையில் மாட்டியதும், நகரச் சண்டைக்கென்று தந்த கூடுதல் தளவாடங்களோடு அதே போனைத் திரும்ப மாட்டினார்கள். ஆனால் இந்த வண்டியில் இருப்பது டர்பைன் இன்ஜின், அதன் சூடான புகை பின்பக்கமாகத்தான் வெளியே வரும். போன் இருப்பதும் அதே பின்பக்கத்தில்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொலைபேசி ஊழியர், திருச்சி