கேட்டடியில நிக்கிற அதிபர்

மச்சான்,

எப்பிடி இருக்கிறாய், வீட்டில எல்லாரும் சுகமோ. ஸ்கூல் அதிபர்மாரை எடுக்கிற அதிபர் சேவை தரம் 3 லிஸ்டில உன்ர பேர் இருக்கெண்டு கேட்டதும் எனக்கு நிலத்தில கால் நிக்கேல்ல. இங்க வெள்ளவத்தையில ஒரே மழை, காலி வீதி முழுக்க டிராஃபிக்.

தாபனக் கோவை, நிதிப் பிரமாணம் எண்டு அரசாங்க வேலைச் சட்டம், காசுச் சட்டம் எல்லாம் டிரெய்னிங்ல படிப்பிப்பாங்கள், அதைப் பற்றி நான் யோசிக்கேல்ல. ஆக்களோட நடக்கிற விதம்தான்டா எல்லாம்.

முந்தி ஒரு ஸ்கூல்ல இருந்தனானெல்லோ, அங்க ஒரு மேத்ஸ் டீச்சர், கொட்டாஞ்சேனையில இருந்து வாறவ, பிள்ளைக்குக் காய்ச்சல் எண்டு ஒருநாள் 7.38 க்குத்தான் வந்தா. 7.30 க்கு வரவுப் புத்தகத்தில, பிந்தி வாறவையைப் பிரிக்கிற சிவப்புக் கோடு கீறியாச்சு. கீறினது பிழையில்ல, அது சட்டம். ஆனா அப்ப இருந்த அதிபர் சேர் கேட்டடியில, பிரிஃபெக்ட் பிள்ளையளுக்கு முன்னால, வாய்க்கு வந்தபடி ஏசினவர். அவ கோட்டுக்குக் கீழ சைன் வைக்கேக்க பேனை கையில நடுங்கினதைப் பக்கத்தில நிண்டு பார்த்தனான். அதுவரைக்கும் ஓ/எல் சோதினை எழுதுற பிள்ளையளை நாலு மணிவரைக்கும் வச்சுக் காசு வாங்காமப் படிப்பிச்சவ, அதுக்குப் பிறகு 1.30 மணி அடிச்சா பையைத் தூக்கிக்கொண்டு போயிடுவா. அதை ஒரு சர்க்குலராலயும் திருப்பி வாங்கேலாது மச்சான்.

இப்ப இருக்கிற அதிபர் மிஸ்ஸும் கோடு கீறுறவதான். ஆனா 7 மணிக்கே குடையோட கேட்டடியில நிப்பா, பிந்தி வந்தா ரூமுக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்திப்போட்டு, என்ன பிரச்சினை எண்டு கேப்பா. ஆள் காணாத நாளையில ரிலீஃபுக்குத் தானே எட்டாம் வகுப்புக்குப் போவா, அதைப் பார்த்த பிறகு எங்களுக்கு மாட்டன் எண்டு சொல்ல வாய் வராது. பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திலயும் முதல் பெற்றோரைக் கதைக்க விட்டிட்டுத்தான் தான் வாய் திறப்பா. முந்தின இடத்தில முடிவை முதலே எழுதிவச்சிட்டு சைனுக்கு மட்டும் நீட்டுவினம்.

2021 ல சம்பள முரண்பாட்டுக்கு அதிபர்மாரும் நாங்களும் ஒண்டாத்தானே ரோட்டில நிண்டனாங்கள். கதிரை கிடைச்ச பிறகு சில பேருக்கு அது மறந்து போகுது, நீ அப்பிடி ஆகமாட்டாய், எண்டாலும் சொல்லாம இருக்க மனம் வரேல்ல.

போனதும், ஸ்கூல்ல நடக்கிறதை அதிபர் பதியிற சம்பவத் திரட்டுப் புத்தகத்தை எடுத்துப் பார், ஆற்றையாவது நல்ல வேலையை அதில எழுதியிருக்கோ எண்டு. இல்லையெண்டா முதல் பதிவு அப்பிடி ஒண்டா இருக்கட்டும்.

கடமையேற்கிற திகதி வந்ததும் சொல்லு, லீவு போட்டிட்டு வாறன்.

உன்ர மச்சான்